பொன்னுருக்கின பிறகு சைக்கிள் ஓடக்கூடாதாம்

ஓம், நான்தான். உன் சிநேகிதி டிலக்சி உனக்குச் சொன்னது முழுக்க உண்மை. ஹவுகெட்டோ ஸ்டேசனடியில் கறுப்பு ஸ்கீ காற்சட்டையும் போட்டு, முகத்தில் வாசலைனை அப்பிக்கொண்டு, குலேந்திரனோடு சைக்கிளில் போனது உன் அம்மாதான், அன்றைக்குக் குளிர் மைனஸ் பதினாலு என்பதும் சரிதான். அம்மாவுக்கு என்ன விசரோ என்று கேட்டிருந்தாய், அதற்குப் பதில் கடைசியில் வரும். நீ எப்படி இருக்கிறாய் துஷ்யா, ஒழுங்காய்ச் சாப்பிடுகிறாயா, ட்ரொம்சோவில் சூரியன் திரும்பி வந்துவிட்டதா? நாங்கள் எல்லாரும் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் எனக்கு அப்படி எழுத வரவில்லை. உடம்புக்கு எல்லாருக்கும் சுகம். வீட்டுக்குத்தான் சுகமில்லை. எழுத்து கோணலாய் இருந்தால் குறை நினைக்காதே, வலது கையில் மூன்று விரல் இன்னும் எரிகிறது, ஏன் என்று கீழே வரும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் ஹோலுக்குள் இருக்கு, நீ வகுப்பால் வருகிற நேரம் அப்பாவும் ஹோலுக்குள்தான் இருப்பார், நீயும் பாதியில் கத்துவாய். கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் எனக்குக் கேட்காது.

ஊரில் இருக்கிற உன் யோகராணி மாமியின் மகன் குலேந்திரன் போன வருசம் வந்து உன் அறையில் மெத்தையைப் போட்டபோது நீ முகத்தைச் சுளித்தாய், நத்தார் லீவுக்கு வந்து நின்ற நேரமும் அவனோடு நாலு சொல் கதைத்திருப்பாயோ தெரியாது. அவன் அகதி என்று கேட்ட மனுவை ஒருமுறை மறுத்துவிட்டார்கள், உங்கள் நாட்டில் இப்போது சமாதானம் வந்துவிட்டது, திரும்பிப் போகலாம் என்று. அப்பீல் போட்டிருக்கு. அதுவரைக்கும் வேலை செய்ய விடமாட்டார்கள், படிக்க விடமாட்டார்கள், இருபத்தேழு வயசுப் பெடியன் நாள் முழுக்க யன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டு இருந்தால் மூளைக்கு என்ன நடக்கும்? எனக்கும் பின்னேரம்தான் பள்ளிக்கூடத்தில் கிளீனிங், காலைமையில் சுவரைத்தான் பார்க்க வேண்டும். என்னைப் பற்றி உனக்குத் தெரியும்தானே, ஒரு இடத்தில் குந்தியிருக்க எனக்கு ஏலாது. ஏ.எல். பாதியில் விட்டாச்சு, நோர்ஸ்க் பாசை வகுப்பு பாதியில் விட்டாச்சு, முதியோர் இல்லத்து வேலைக்கு என்று போன படிப்பும் பாதியில். உன்ரை கொம்மா ஒண்டையும் முடிக்காத மனிசி என்று அப்பா உனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், நானும் சேர்ந்துதான் சிரிக்கிறனான்.

அப்படி இருக்கேக்கைதான் பள்ளிக்கூடத்துப் பழைய சாமான் சந்தையில் இரண்டு சைக்கிள் கண்டேன். ஆணி வைத்த ரயர் போட்டால் ஐஸிலும் ஓடலாம் என்று அங்கே நின்ற நோர்வேக்காரன் சொன்னான், அவ்வளவுதான், வாங்கிப்போட்டேன். முதல் நாள் பியோர்ண்டால் இறக்கத்தில் இறங்கும்போது காற்றுப் பட்டு என் கண்மயிர் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் ஒரு கண்ணோடுதான் ஹவுகெட்டோ வரைக்கும் வந்தேன். இப்போது பழகிவிட்டது. ரயருக்குக் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், காலுறைக்கு மேலே பொலித்தீன் பை, உள்ளுக்குக் கம்பளி, மூச்சை மூக்கால்தான் எடுக்க வேண்டும். அரைவாசித் தூரம் போனதும் உள்ளுக்குள் வேர்க்கும், வெளியில் சேர்ட் நுனி விறைத்துத் தகரம் மாதிரி நிற்கும், அந்த நேரம் மண்டைக்குள் இருக்கிற குப்பை எல்லாம் பறந்துபோகும் பிள்ளை, அதை உனக்கு எப்படிச் சொல்ல. குலேந்திரனுக்கும் அதுதான் மருந்து. ஆனால் ஆள் சரியான மொக்கு. பூட்டு இறுகுது என்று தேங்காயெண்ணெய் விட்டான், அடுத்த நாள் ஸ்டேசனில் பார்த்தால் எண்ணெய் உள்ளுக்கு வெள்ளையாய் உறைந்துபோய்த் திறப்பு போகவே இல்லை. லைட்டரைப் பிடித்துக் காய்ச்சினோம், தாளிக்கிற வாசம் வந்தது, பக்கத்தில் நின்ற நோர்வே மனிசி மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தா. மாமி, இனி ரெண்டு வெங்காயத்தையும் போடுவமோ என்று கேட்டான். அந்தப் பெடியன் சிரித்து அன்றைக்குத்தான் முதல்முதல் கண்டேன்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன், நீ இருந்துகொண்டு வாசி. செவ்வாய்க்கிழமை வழமை போல இறங்கிப் போனோம், கடற்கரை மட்டும் போய்த் திரும்புவது எங்கள் வழமை. பாலத்தடி வந்ததும் அவன் சைக்கிளை நிறுத்தினான். மாமி, நான் இதுக்கு அங்காலை வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ எண்டான். ஏனடா, குளிருக்குப் பயந்திட்டியோ, அங்கை கிழவியள் ஐஸை வெட்டிப்போட்டுத் தண்ணிக்குள்ளை குதிக்குதுகள், நீ என்னடா ஆம்பிளை எண்டன். அதில்லை மாமி, அம்மா நேற்று போன் எடுத்தவ, போன கிழமையே பொன்னுருக்கியாச்சாம், இனிச் சும்மா வெளியிலை திரியப்படாதாம், சைக்கிள் ஓடவே படாதாம், நீங்கள் தனியப் போவியள் எண்டுதான் இஞ்சை மட்டும் வந்தனான் எண்டான். பொன்னுருக்கு என்றால் உனக்குத் தெரிந்திருக்காது. தாலி செய்கிறதுக்கு நல்ல நாள் பார்த்துத் தங்கக் காசை உருக்குகிறது. அது நடந்துவிட்டால் கலியாணம் அரைவாசி முடிந்த மாதிரி, அதற்குப் பிறகு மாப்பிளையும் பொம்பிளையும் வீட்டோடு இருக்க வேண்டும், ஏதும் நடந்துவிடக் கூடாது என்று. எனக்கு ஒரே சந்தோசம். கள்ளா, சொல்லவே இல்லை, ஆரடா பொம்பிளை எண்டன். அவன் நிலத்தைப் பார்த்துச் சிரித்தான். என்ன மாமி பகிடி விடுறியள், எங்கடை துஷ்யாதானே எண்டான்.

எனக்குக் காது இரண்டும் அடைத்துவிட்டது. கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்ற நான் அப்படியே நின்றேன், வெறும் கையால் இரும்பைப் பிடித்தபடி. அவன் ஏதோ சொல்கிறான், வாய் அசைவது தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை. பேந்து அவன்தான் பாய்ந்து வந்து என் கையை இழுத்தெடுத்தான், மூன்று விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, ஊசியால் குத்தினாலும் தெரிந்திருக்காது. தன் கையுறையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டான். போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மாமி, உங்களுக்குத் தெரியாதோ எண்டான். தெரியாது எண்டன். துஷ்யாவுக்கு? அவளுக்கும் தெரியாது எண்டன். அவ ஓம் எண்டு சொன்னவ எண்டு மாமா சொன்னவரே, நீங்களும் விருப்பமெண்டுதானே சொன்னவர், நீங்கள் ஒண்டும் கதைக்காதபடியால் வெக்கத்திலை நானும் கதைக்கேல்லை எண்டான். பிறகு பாலத்துக் கம்பியில் சாய்ந்து பனிக்குள்ளேயே இருந்துவிட்டான். அப்ப நான் இவ்வளவு நாளும் உங்கடை வீட்டிலை ஆராய் இருந்தனான் மாமி என்று கேட்டான். எனக்கு அவனை அடிக்கிறதா அணைக்கிறதா என்று தெரியவில்லை. எழும்படா, குளிர் பிடிக்கும் எண்டன், அதுதான் வாயில் வந்தது. மேட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தோம்.

அப்பா பின்னேர வேலைக்குப் போகமுதல் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். சப்பாத்தையும் கழற்றாமல் போய்க் கேட்டேன். அவர் ரிவியின் சத்தத்தைக் கூட்டினார். நான் வயரைப் பிடுங்கினேன். சரி, தெரிஞ்சிட்டுதுதானே, ஈஸ்ரர் லீவுக்குப் பிள்ளை வரேக்கை கோயிலிலை சிம்பிளாய் முடிப்பம், சீலையும் அக்கா எடுத்திட்டா எண்டார், ஏதோ கடைக்குப் பால் வாங்கப் போகிற மாதிரி. பிள்ளையைக் கேட்டனீங்களோ எண்டன். அவள் மாட்டன் எண்டு எப்ப சொன்னவள் எண்டார். கேளாத கேள்விக்கு அவள் எப்படி மாட்டன் என்று சொல்லுவாள், நீயே சொல்லு. முன்னமே கேட்டால் நீ லீவுக்கு வராமல் அங்கேயே நின்றுவிடுவாயாம், அதனால் வந்து இறங்கின பிறகு சொல்ல இருந்தாராம். இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்த மனிசன். நான் போடுகிற கறிக்கு உப்புக் குறைந்தால்கூடச் சொல்லிவிடுகிற மனிசன், இதை ஒரு மாதமாய் வாய்க்குள் வைத்துக்கொண்டு என் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறார். பிறகு ஒன்று சொன்னார். என்ரை அக்காவுக்கு இருக்கிறது இந்த ஒரு பிள்ளை, துஷ்யாவைக் கட்டினால் அவனை இஞ்சையே நிக்க விடுவாங்கள். அப்பீலும் பிழைச்சு, அனுப்பிப்போட்டு, நாளைக்குத் திரும்பச் சண்டை துவங்கினால் அவனுக்கு ஒண்டும் நடவாது எண்டு நீ எழுதித் தருவியோ எண்டார். அதைச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டவர்தான், வேலைக்கும் பிந்தித்தான் போனார், கண் சிவந்திருந்தது.

அடுத்த நாள் குலேந்திரன் அவர் முன்னால் வந்து நின்றான். மாமா, அவ தன்ரை வாயாலை சொல்லாமல் நான் தாலி கட்டமாட்டன் எண்டான். அப்ப பிளேன் ஏறு எண்டார் அப்பா. ஏறுறன் எண்டான். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு மூன்று பேரும் மூன்று நேரத்துக்குச் சாப்பிடுகிறோம். அந்தப் பெடியன் சட்டென்று ஏறுறன் என்று சொன்னதுதான் எனக்கு இரண்டாவது இடி. அவனுக்கு அங்கே என்ன காத்திருக்கு என்று எனக்கும் தெரியும், அவனுக்கு என்னை விட நல்லாய்த் தெரியும்.

பிள்ளை, நீ எனக்கு வளைத்துப் பேசத் தேவையில்லை. உனக்கு விருப்பமில்லை என்றால் இல்லை என்று அப்பாவுக்கு நேரே சொல்லு, நான் பக்கத்தில் நிற்பேன். பாவம் பார்த்து ஓம் என்று சொல்லிப்போடாதே. அவனைத் திருப்பி அனுப்பினால் அது உன் குற்றம் இல்லை, நல்ல வக்கீலாய்ப் பார்த்து ஓடித் திரிகிறது என் வேலை, இதை நான் பாதியில் விடமாட்டேன். விருப்பம் என்றாலும் சொல்லு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பெடியன் தங்கமானவன், எண்ணெய் விசயத்தில்தான் மொக்கு. எதுவாக இருந்தாலும் நீ யோசித்து, நீ சொல்ல வேண்டும். ரிக்கற் போட முதல் சொல்லு. உனக்கு அங்கே யாரும் இருந்தால் அதையும் சொல்லு, நோர்வேக்காரனாய் இருந்தாலும் சொல்லு, இந்தக் கிழமை பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு அதெல்லாம் எனக்குச் சின்ன விசயம்.

இன்னொன்று. ஊருக்குப் போயிருந்த சச்சிதானந்தன் அண்ணை நேற்று இரவு திரும்பி வந்துவிட்டாராம், தாலி அவருடைய கைப்பையில் வந்திருக்கு. அவர் வீடு ரொம்மனில். அப்பாவுக்கு இன்றைக்குப் பகல் வேலை, நாலு மணிக்கு முடித்துக்கொண்டு காரில் போய் எடுத்துவருவதாகப் போனில் கதைத்தது எனக்குக் கேட்டது. அது எங்கள் சாமித்தட்டுக்கு வந்து, மாமியும் ஊரெல்லாம் சொல்லி, நாலு சனம் வந்து கும்பிட்டுவிட்டால், அதற்குப் பிறகு நீ வாய் திறக்க ஏலாது. தாலியைத் திருப்பி அனுப்பின பெட்டை என்று உன் தலையில்தான் விழும். குலேந்திரன்தான் சொன்னான், மாமி, அது என்ரை அம்மா செய்விச்சது, நான் போய்க் கேட்டால் என்னட்டைத்தானே தரவேணும் எண்டு. தருவார்களோ மாட்டார்களோ, போய்த்தான் பார்க்க வேண்டும். கிடைத்தால் அது அவன் பெட்டிக்குள் இருக்கட்டும், உன் பதில் வரும் வரைக்கும் சாமி அதைப் பார்க்கத் தேவையில்லை. குளிருக்கு இன்றைக்கு ரெயிலும் ஓடவில்லை, மைனஸ் பதினேழு, ரொம்மன் ஒஸ்லோவுக்கு மற்றத் தொங்கல், முழுக்க ஏற்றம். பரவாயில்லை, இரண்டு பேரும் சைக்கிளில்தான் போகிறோம். நான் விசரியா என்று கேட்டாய்தானே, ஓம், விசரிதான்.

கம்பளி உள்ளுடுப்பைப் போடாமல் வகுப்புக்குப் போகாதே. அப்பாவோடு கோபப்படு, ஆனால் கதைக்காமல் விடாதே. நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் உனக்கு வெளிச்சம் இருக்கட்டும் என்று கும்பிடுகிறேன். பதிலை எனக்கு எழுதாதே, அப்பாவுக்குப் போன் எடுத்து அவர் காதுக்குள் சொல்லு. இதை வழியில் தபால் பெட்டிக்குள் போட்டுவிடுகிறேன், கீழே குலேந்திரன் சைக்கிள் மணி அடிக்கிறான், நேரம் பத்தாகப் போகுது, எனக்கு இப்போது போகவேணும்.

அம்மா