பாரம் ஏற்றிப் பார்

ஓடைப்பட்டி
14.6.2008

அன்பு மகன் சுரேஷ்கண்ணனுக்கு அப்பா சின்னச்சாமி எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், கடல் கடந்து ஆஸ்திரேலியாவில் இருக்கும் உனக்கும் ஒரு குறையும் வராமல் சுருளி வேலப்பர் காக்க வேண்டும். இது முழுக்க என் கையெழுத்துதான். ஒரு நாளைக்கு ஏழெட்டு வரிதான் ஓடுகிறது, ஆனாலும் எழுதிய வரியைத் திரும்பப் படிக்கும்போது சந்தோஷத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. இந்த வயதில் எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த முனீஸ்வரி டீச்சருக்குக்கூட இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை, காரணம் கீழே இருக்கிறது. திராட்சை இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது, ஆனிக் காற்றுதான் பந்தலைப் போட்டு உலுக்குகிறது, கல்தூண் ஒன்று சாய்ந்துவிட்டது. நீ கட்டி, நீயே ஏறிப் போகும் பந்தயப் படகின் படம் அனுப்பினாயே, அதை உன் அம்மா எல்லாருக்கும் காட்டுகிறாள். ரெண்டு படகைச் சேத்துக் கட்டுனது பத்தாதுன்னு தண்ணிக்குள்ள றெக்கை வேற வச்சிருக்கான், இது மீனா பறவையான்னு கேக்குறாக என்று ஒரே பெருமை. நீ விளக்கியது எனக்குப் புரிந்தது. வேகம் பிடித்ததும் இறக்கை படகைத் தூக்கிப் பிடிக்கும், மூக்கு அலையில் குத்தாது, ஆட்டம் குறையும். மாட்டுவண்டியில் முன்பாரம் பின்பாரம் பார்க்கிற மாதிரிதான். நல்ல யோசனை, குறை சொல்லவில்லை.

ஆனால் போன வாரம் போனில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாயே, படகு எழும்பும்போது மட்டும் இறக்கை பொருத்தின இடத்துல டிக்குன்னு ஒரு சத்தம், கரையில ஏத்திப் பாத்தோம், ஒண்ணுமில்லப்பா என்று, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்ப நல்லாப் பாரு என்று நான் பதறியதற்குச் சரிப்பா சரிப்பா என்று போனை வைத்துவிட்டாய். உன் பெரியப்பா நல்லகண்ணு வண்டி கவிழ்ந்து செத்தது மாடு மிரண்டதால் என்றுதான் உனக்கும் ஊருக்கும் தெரியும். மாடு மிரளவில்லை. நீ தொட்டிலில் கிடந்த வருஷம் அது. நெல் மூடை ஏற்றி வரும்போது இருசில், அதாவது சக்கரம் ரெண்டையும் கோக்கிற இரும்பு அச்சில், இதே மாதிரி சத்தம் கேட்கிறது என்றார் அண்ணன். பாரத்தை இறக்கிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தவன் நான். கீறல் எதுவும் தெரியவில்லை. ஏலே, நல்லாப் பாத்தியா என்றார். ஒண்ணுமில்லண்ணே, பூட்டுங்க என்றேன். அப்ப என் காதுலதான் வண்டு பூந்துருச்சு போல என்று சிரித்தபடியே ஏறி உட்கார்ந்தார். திரும்ப மூடை ஏற்றி ஓடை இறக்கத்தில் போகும்போது இருசு முறிந்தது. முறிந்த இடத்தில் பாதிக்குப் பழைய துரு, கீறல் முன்னமே விழுந்திருக்கிறது. பாரம் இருக்கும்போதுதான் கீறல் வாயைத் திறக்கும், இறக்கினால் மூடிக்கொள்ளும் என்பது அதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அந்த இரும்பைக் கிணற்றில் போட்டுவிட்டு, மாடு மிரண்டுருச்சு என்று நானே சொன்னேன். அந்த மாட்டை அடிமாட்டுக்கு விற்றார்கள். இதை இத்தனை வருஷம் நான் யாரிடம் சொல்லி, யார் கையால் எழுதச் சொல்வேன்?

அதனால் கரையில் பார்த்தது பார்த்ததாகாது. இறக்கையைத் தண்ணீர் தள்ளுகிற அடிப்பக்கம் மேலே வரும்படி படகைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் மணல் மூடையை ஏற்று. பாரம் இருக்கும்போதே பொருத்தின இடத்தைப் பார், காதை வைத்துக் கேள். சத்தம் வந்தால் பந்தயத்துக்குப் போகாதே. முதலாளி கோபித்தால் என் அப்பன் முரடன், விடமாட்டேன் என்கிறான் என்று பழியை என் மேல் போடு. போனில் சொல்ல உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் எழுதுகிறேன். ஆனி கடைசியில் பந்தயம் என்றாய், கடிதம் வந்து சேரவே பத்துப் பதினைந்து நாள் ஆகும், படித்த உடனே போன் செய். உன் அம்மா பயந்துபோய்ப் பந்தயத் தேதியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், பந்தயம் முடிஞ்சுருச்சு, உன் மகன் பத்திரமாகக் கரையேறிட்டான் என்று சொல்லிவிட்டேன், அவளும் நம்பி வேலப்பருக்குத் தேங்காய் உடைத்துவிட்டாள். அந்தப் பொய்யை நீதான் மெய்யாக்க வேண்டும்.

நூறு வயசு நீ நல்லா இருக்கணும் என்று வாழ்த்தும்

உன் அப்பா
நா. சின்னச்சாமி