இறுதிப் போட்டிக்கு மறுநாள்

புதிய கிரிக்கெட் அட்டவணையைச் செருகுவதற்காக இன்று காலை கிளினிக் மேசையின் கண்ணாடியைத் தூக்கினேன். அடியில், போன உலகக் கிண்ணத்துக்கு நீங்கள் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்த அட்டவணை பலகையோடு ஒட்டிக் கிடந்தது. இறுதிப் போட்டிக்கு அடுத்த திங்கட்கிழமையைச் சுற்றி உங்கள் சிவப்புப் பேனா வட்டம்.

பேராதனைப் பக்கத்து மனநலக் கிளினிக்கில் நான் தாதி. நீங்கள் நோயாளர் அட்டையில் அடுத்த தேதி போடும் லிகிதர். ஆட்டம் உள்ள நாட்களில் நோயாளர் உட்காரும் வாங்குகள் காலியாக இருக்கும். "நோய்க்கும் லீவு போல" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"ஆட்டம் நடக்கிறப்ப ஊரே கூட இருக்கு மிஸ். மறுநாள்தான் மனுசன் தனியாயிடுறான்."

அந்த உலகக் கிண்ணத்துக்கும் முந்திய ஒரு போட்டிக் காலத்தில், பிலிமத்தலாவையில் இரும்புக் கடையில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். உயிரை விட முயன்று பிழைத்தவர். ஃபைனல் முடிந்த பிறகு ஒரு தேதி கேட்டார். வியாழக்கிழமைதான் கிளினிக், நீங்களோ திங்கட்கிழமை என்று எழுதிக் கொடுத்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது.

"அன்னைக்குக் கிளினிக் இல்லயே!"

"கிளினிக் இல்லாட்டி என்ன, நான் இருப்பேன்ல."

விட்டுவிட மனமில்லாமல் அந்தத் திங்கட்கிழமை நானும் போனேன். அவர் வந்தார். அட்டையை மேசையில் வைத்தார்.

"நேத்து ஆட்டம் முடிஞ்சதும் டிவிய நிப்பாட்டிட்டாங்க. வீடே வெறிச்சுன்னு போச்சு மிஸ். என்னென்னமோ தோணுச்சு. அட்டையில தேதி இருந்துச்சு, அதான் வந்தேன்."

டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். உடனே வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு இறுதிப் போட்டியின் மறுநாளும் நமக்குக் கிளினிக் நாள்தான். ஆட்டம் ஆட்களைத் தாங்குகிறதா, பிரச்சினையைத் தள்ளிப்போடத்தான் வைக்கிறதா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

இந்த வட்டத்தைப் போட்ட வாரம் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். கேட்டேன்.

"ஃபைனல் முடியட்டும் மிஸ். திங்கக்கிழமை எப்படியும் இங்கதானே, டாக்டர்ட்டக் காட்டுறேன்."

"உங்களுக்கும் மறுநாள் தேதியா?" என்று கேலி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது மாரடைப்பில் போய்விட்டீர்கள். திங்கட்கிழமை வந்தவர்களுக்கு நான்தான் சொன்னேன். அந்தக் கேலிக்காக என் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

இன்று இரும்புக் கடைக்காரர் அட்டையை நீட்டினார். தலை நரைத்துவிட்டது. "மறுநாள்தானே மிஸ்?" என்றார். எழுதினேன். அட்டையைக் கையில் கொடுக்கும் முன் கேட்டேன்: "அதுவரைக்கும் தாங்குமா? தாங்காதுன்னா ஆட்டம் நடந்தாலும் பரவாயில்ல, உடனே வாங்க."

இப்போது எல்லாரிடமும் இதைக் கேட்கிறேன். உங்களிடம் கேட்கவில்லை.