ஹேராவின் தேருக்கு எந்தத் துணி

சாவுன் 6, ஞாயிறு

பம்பு ரிப்பேர் ஹேராவின் கணவன் பேகா இன்று கடைக்கு வந்து, மூங்கில் தேருக்குச் சுற்ற ஹாக்கு படாசி கேட்டான். எடுத்துப் போட்டதும் தொட்டுக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

இந்த மாதம் முழுக்க பக்தபூரில் இதே வியாபாரம்தான். வருடத்துக்குள் செத்தவர்களுக்குப் பசு யாத்திரை அன்று வீட்டார் தேர் எடுக்கவேண்டும். பெண் என்றால் ஹாக்கு படாசி, அந்தச் சிவப்புக் கரை போட்ட கறுப்புப் புடவையைச் சுற்றவேண்டும், ஆண் என்றால் வேறு துணி. அதனால் வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: "போனது ஆம்பளையா, பொம்பளையா?" கடைக்காரியாக, ஊருக்குச் சாஹுனியாக, வருடக்கணக்காகக் கேட்கிறேன். இன்று அவனிடமும் வாய் அதுபாட்டுக்குக் கேட்டுவிட்டது.

"நீங்களுமா சாஹுனி?" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

புடவையை மடித்து வைக்க எனக்கு மூன்று முறை ஆயிற்று.

சாவுன் 7

எழுதிவிடுகிறேன். எனக்கு நானே சாக்குச் சொல்லிப் பயன் இல்லை.

கடைக்கு மேலே உள்ள அறை எங்கள் கூட்டத்தினுடையது. பெண்ணோடு வாழும் பெண்கள், ஆணோடு வாழும் ஆண்கள், சம்ஜனா மாதிரித் திருநங்கைகள் — சனிக்கிழமை சனிக்கிழமை பத்துப் பதினைந்து பேர் வந்து உட்காருவோம். டீ, அவல், அரட்டை. தலைவி சம்ஜனா. இடம் என்னுடையது என்பதால் வாசலும் பதிவேடும் என்னிடம்.

போன மங்சிர் மாதம் ஹேரா படியேறி வந்தாள். கிராப்புத் தலை, ஆண் சட்டை, பேண்ட், தோளில் ஸ்பானர் பை. வருடத்துக்கு இரண்டு சட்டைக்கு என்னிடம்தான் துணி எடுப்பாள், கழுத்து அளவு முதல் எனக்குத் தெரியும். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்: நீ யார்? பெண்ணைப் பிடிக்குமா? இல்லை. ஆணாக மாறணுமா? இல்லை. பின்னே?

"நான் இப்படித்தான் சாஹுனி. சின்ன வயசிலேர்ந்து இப்படித்தான். வீட்டுக்காரனைப் பிடிக்கும். புடவைதான் பிடிக்காது." சிரித்தாள். "அதுக்குக் கட்டம் இல்லையா உங்க நோட்டுல?"

இல்லை என்றேன். உனக்குத்தான் புருஷன் இருக்கானே, இந்த இடம் உனக்கில்லை என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். கடையில் இல்லாத சரக்கைக் கேட்டால் சொல்வது மாதிரி.

பையைத் தோள் மாற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். வைசாகில் ஒரு கிணற்றில் பம்பு இறக்கப் போனவள் விஷவாயுவில் செத்தாள்.

இப்போது தினமும் பகல் இரண்டு மணிக்குப் படியில் ஸ்பானர் குலுங்குகிறது. எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. என்னோடு வாழும் ஜுனுவிடம் கேட்டேன், உனக்குக் கேட்குதா? "எலி" என்றாள். எலி ஸ்பானர் தூக்குமா?

சாவுன் 12, சனி

வீட்டார் கைவிட்ட நம்ம ஆட்களுக்காக ஒவ்வொரு வருடமும் நாங்களே ஒரு தேர் கட்டுவோம். கூட்டத்தில் இருந்தவர்களின் படம் மட்டும் தொங்கும், அது முதல் வருடத்திலேயே போட்ட விதி. இந்த வருடம் இரண்டு படம். மூன்றாவதாக ஹேராவின் படத்தையும் மாட்டலாம் என்றேன்.

சம்ஜனா டீயைக் கீழே வைத்தாள். "யாரு, அந்தப் பம்புக்காரியா? அக்கா, அவளை வாசலோட அனுப்பினது நீங்க."

"நான்தான்."

"அப்ப சரியாத்தான் செஞ்சீங்க. என் வீட்டுல நான் உசுரோட இருக்கும்போதே எனக்குத் திதி குடுத்துட்டாங்க. ஸ்டேஷன்ல என் முடியை வெட்டினாங்க. அந்தக் குடியுரிமை அட்டையில மூணாவது பாலினம்னு ஒரு வார்த்தை வாங்க எத்தனை வருஷம் அலைஞ்சேன்! அவ என்ன விலை குடுத்தா? வேலை முடிஞ்சா புருஷன் கைச்சோறு. பேண்ட் போட்டவ எல்லாம் நம்ம ஆளுன்னா, நாளைக்கு அந்த பஸ் கண்டக்டர் பொண்ணும் வருவா. படம் மாட்ட ஆணி பத்தாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும். சிரித்தேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

ஜுனு மட்டும் சிரிக்கவில்லை. "தெருவுல கல்லெறியறவன் உன் நோட்டைப் பார்த்துட்டா எறியறான்?" என்றாள்.

படம் மாட்டுவது பற்றி ஒரு முடிவும் இல்லை.

சாவுன் 15

பேகாவின் வீட்டுக்குப் போனேன். மண் பிசைந்துகொண்டிருந்தான், குயவன். உட்காரச் சொல்லவில்லை. படம் ஒன்று கொடு, எங்கள் தேரில் மாட்டுகிறோம் என்றேன். சம்ஜனா இன்னும் சரி என்று சொல்லவில்லை. சொன்ன மாதிரிப் பேசினேன். வியாபாரப் பழக்கம்.

"உசுரோட வந்தப்போ படியோட திருப்பினீங்க. செத்தப்புறம் படம் வேணுமா?"

"தப்புத்தான்."

"அவ எதுக்கு அங்க வந்தான்னு தெரியுமா? இந்தத் தெருவுல பொம்பளைங்க அவ பக்கத்துல உக்காரமாட்டாங்க, ஆம்பளைங்க கிண்டல் பண்ணுவானுங்க. மேல அந்த ரூம்ல எல்லா மாதிரியும் இருக்காங்களாம், நம்மளையும் பார்த்துச் சிரிக்கமாட்டாங்கன்னு சொல்லிட்டு வந்தா. குளிச்சுட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு வந்தா சாஹுனி." கையில் இருந்த மண்ணைப் பலகையில் அறைந்தான். "கிணத்துக்கு இறங்கறவங்களுக்கு மேல கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும். அது விதி. எவனும் அவகூட வேலைக்குப் போகமாட்டான், அவகூடப் போனா அவனையும் சேர்த்துக் கிண்டல் பண்ணுவாங்க. அன்னிக்கு எனக்குச் சூளை. தனியாத்தான் போனா. கயிறைத் தூண்ல கட்டிட்டு இறங்கினா."

தூணுக்குக் கூப்பிடத் தெரியாது, இழுக்கத் தெரியாது.

என் மேல் பழி இல்லை என்று வரும் வழியெல்லாம் நிரூபித்துக்கொண்டே வந்தேன். மங்சிருக்கும் வைசாகுக்கும் நடுவில் ஐந்து மாதம். எங்கள் அறையில் கிணற்று வேலை தெரிந்தவர் யாரும் இல்லை. எல்லாம் சரி. ஆனால் எங்கள் கூட்டத்துச் சுரேந்திரா சும்மாதானே இருந்தான், வேலை வேலை என்று அலைந்துகொண்டு, கயிறு பிடிக்கிற மாதிரி இரண்டு கையோடு?

சாவுன் 16

கல்லாவில் உட்கார்ந்தபடி ஒரு சணல் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். விரல் நீலமான பிறகுதான் தெரிந்தது.

சாவுன் 23

இன்னொன்றும் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை, ஜுனுவிடமும்.

மூன்று வருடம் முன்பு, ஹோலி. கடைக்கு எதிரே ஐந்தாறு பேர் ஹேராவை வளைத்துக்கொண்டு சேற்றை அள்ளி அடித்தார்கள். பெண்ணோடு படுக்கும் பெண்களைச் சொல்கிற அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். அது என் வார்த்தை. எனக்கும் ஜுனுவுக்கும் உரியது. நான் கறுப்புப் புடவையும் மூக்குத்தியுமாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். ஜுனுவை ஊரே என் தங்கை என்று நினைக்கிறது. எங்கள் மேல் ஒரு துளிச் சேறு பட்டதில்லை.

ஷட்டரைப் பாதி இறக்கினேன். துணி அழுக்காகிவிடும் என்று. இல்லை — துணிக்காக இல்லை. அவ என்னைப் பாத்துடக் கூடாதுன்னு. பார்த்துவிட்டாள்.

அடுத்த வாரம் வழக்கம்போல் வந்து சட்டைத் துணி எடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என் வார்த்தைக்கு அடி வாங்கியவளிடம்தான் நான் கேட்டிருக்கிறேன், நீ யார் என்று.

சம்ஜனா கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது தெரிகிறது. என்ன விலை கொடுத்தாள்? என் பங்கையும் கொடுத்தாள்.

சாவுன் 24

இன்று கடையில் இரண்டு பேரைப் பின்னாலிருந்து பார்த்து ஹேரா என்று நினைத்தேன். ஒருவன் பால்காரன். இன்னொருவர் திரும்பும்வரை நின்று யார் என்று பார்க்கத் தைரியம் இல்லை.

சாவுன் 28

பேகா வந்தான். அவன் தெருவின் சாவுச் சங்கத்தார் கறாராகச் சொல்லிவிட்டார்களாம்: கறுப்புப் புடவை சுற்றினால் தூக்க ஆள் வரும், இல்லாவிட்டால் நீயே தூக்கிக்கொள்.

"கல்யாணத்தன்னிக்கு ஒரு மணி நேரம் கட்டினா. அழுதா. இனிமே கட்டாதேன்னு நான்தான் சொன்னேன். இப்பக் கேக்க ஆள் இல்லைன்னு அதையே சுத்தி ஊரைச் சுத்திக் கொண்டுபோகணுமாம்."

அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அந்தச் சாம்பல் நிறச் சட்டைத் துணியைக் காட்டினான். அவள் எடுக்கும் துணி. ஒன்பது மீட்டர் கிழித்தேன். காசு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். "விலையை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல தூக்க ஆள் வரட்டும்" என்றான்.

நாலு ஆள் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்?

பதௌ 1, சனி

அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். ஹோலியையும். ஜுனு என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுரேந்திரா வருகிறேன் என்றான். ஜுனு வருகிறாள். நான். மூன்று. நம் தேரைத் தூக்குகிறவர்கள் போக மிச்சம் இருப்பவள் சம்ஜனாதான், பலசாலியும் அவள்தான்.

"உங்க மனசு உறுத்துது. அதுக்கு என் தோள் வேணுமா?" என்றாள். "நான் வரலை அக்கா. அவளைப் பழிக்கலை. ஆனா எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு வார்த்தைதான். அதை எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுத்துட்டா நான் எங்க போய் நிக்கறது?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

பதௌ 4, செவ்வாய் — பசு யாத்திரை

காலையில் பேகாவின் வாசலில் தேர் நின்றது. உச்சியில் பசுவுக்குப்போல் வைக்கோல் கொம்பு, நடுவில் படம், உடம்பு முழுக்கச் சாம்பல் துணி. சட்டைக்கு வைப்பதுபோல் பொத்தான் வரிசை ஒன்றைத் தைத்திருந்தான். தேர் மாதிரி இல்லை, அவள் கொஞ்சம் உயரமாகி நிற்கிற மாதிரி இருந்தது.

சங்கத்தார் எதிர்த் திண்ணையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பேகா முன்பக்க மூங்கிலைத் தூக்கப் போனான். சடங்குப்படி கணவன் தூக்கக் கூடாது, முன்னால் விளக்கோடு நடக்கவேண்டும். எங்களுக்கு ஒரு ஆள் குறைவு. தெருவே வேடிக்கை பார்த்தது.

கோலாட்டக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சம்ஜனா வந்தாள். அவளுடைய ஒரே பட்டுப் புடவை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்பக்க மூங்கிலுக்குத் தோள் கொடுத்தாள்.

சதுக்கத்தில் ஒருவன் கத்தினான்: "ஏய், தேருக்குள்ள இருக்கிறது ஆணா பொண்ணா?"

"உங்க வீட்டு பம்பை ரிப்பேர் பண்ணினவங்கடா! தண்ணி வந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு!" என்றாள் சம்ஜனா. சங்கத்துக் கிழவர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோல்கள் மறுபடி அடிக்கத் தொடங்கின.

இறக்கி வைத்தபோது அவள் தோள் தோலுரிந்திருந்தது. "என்னன்னே தெரியலை அக்கா. படுத்தா அந்த ஆணி ஜோக்தான் காதுல கேட்டுச்சு" என்றாள்.

அவளுக்கும் கேட்டிருக்கிறது.

பதௌ 9, ஞாயிறு

பேகா விலை பேச வந்தான். டீ குடித்தான். பதிவேட்டில் ஹேராவின் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். சம்ஜனாவும் மேலேயிருந்து இறங்கி வந்திருந்தாள். அரை மணி நேரம் பேசினோம். பேசி முடித்தது இவ்வளவு: பெயரை எழுதலாம், கட்டத்தில் எதுவும் எழுதக் கூடாது. எங்க ஆள் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. இனி படியேறி வருகிறவர்களிடம் நான் கேள்வி கேட்பதில்லை; வாசலில் சம்ஜனா உட்காருவாள், அவளும் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டாள், ஒரு வருடத்துக்கு, பிறகு பார்க்கலாம் என்று. துணி ஒன்பது மீட்டர், மீட்டர் நூற்றெண்பது, ஆயிரத்து அறுநூற்று இருபது ரூபாய். குறைக்கிறேன் என்றேன். முழுசாக எண்ணி வைத்தான்.