கடைமடைக் கோல்கீப்பர்

சித்திரை 22, திங்கள்

அக்கினி நட்சத்திரம் இரண்டாம் நாள். எட்டு மணிக்கே களத்தில் கால் வைக்க முடியவில்லை. உளுந்து மூன்றாம் காய்ச்சல் முடிந்தது. நாளை புடைத்து மூட்டை கட்ட வேண்டும். புறாத் தொல்லை.

கயல் நான்கு நாளாகச் சொல்லாமலே பாத்திரம் துலக்குகிறாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று அப்போதே தெரியும். இன்று கேட்டுவிட்டாள்.

"அம்மா, சம்மர் டீம்மா. ஹாக்கி."

பள்ளிக்கூட டீம் என்றால் சரி. மட்டை முதல் வேன் வரை பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளும். லீவில் எதற்கு டீம்? லீவு என்றால் தூங்க வேண்டும், மாங்காய் தின்ன வேண்டும், அம்மாவுக்கு உளுந்து புடைக்க வேண்டும். சொன்னேன். போனை நீட்டினாள். தஞ்சாவூரில் இரண்டு, மன்னார்குடியில் ஒன்று, பட்டுக்கோட்டையில் ஒன்று, திருவையாறு பக்கம் புதிதாக ஒன்று. எல்லாம் லீவு டீம். எல்லாவற்றுக்கும் புலி, கழுகு என்று பெயர். ஒவ்வொரு நோட்டீசிலும் கடைசி வரியில் பொடி எழுத்தில் கட்டணம். மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

"இது மாசத்துக்கா, வருஷத்துக்கா?"

"ஆறு வாரத்துக்கும்மா."

சோறு வடிக்கப் போய்விட்டேன்.

சித்திரை 24, புதன்

காற்றே இல்லை. உளுந்து விற்றாயிற்று. விலை பரவாயில்லை.

கயல் விடவில்லை. நம் ஊரிலேயே டீமாம். பூதலூர் தபாலாபீசில் வேலை பார்க்கும் ஜெனிபர் மிஸ் காலையில் வந்து சொல்லித் தருவார்களாம், காசு வேண்டாமாம். முன்பு யுனிவர்சிட்டி டீமில் ஆடியவர்களாம். நம் ஊரும் பக்கத்து ஊரும் சேர்த்துப் பத்துப் பெண்கள். மே மாதக் கடைசியில் தஞ்சாவூரில் ஏழு பேர் ஆடும் கோடைப் போட்டி. இடம் மட்டும் வேண்டும்.

எந்த இடம்?

வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கும் நம் கடைமடை வயல்தான். மூன்று மா (ஒரு ஏக்கர்), ஒரே சதுரம், உளுந்து எடுத்துச் சும்மா கிடக்கிறது. ஆற்றில் தண்ணீர் வர இன்னும் ஒரு மாதம் ஆகும்.

இவள் என்னிடம் கேட்கும் முன்பே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள் என்பது பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா வந்து "ரொம்ப நல்ல மனசு மாலதி உனக்கு" என்றபோது தெரிந்தது. நல்ல மனசு வந்துவிட்டது, என்ன செய்ய.

சித்திரை 27, சனி

உடம்பெல்லாம் வலி. வயலில் கை நுழையும் அளவு வெடிப்பு. பந்து உள்ளே போனால் காணாமல் போய்விடும். மிஸ் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நாங்கள் நெல்லடிக்கக் களம் செய்கிற மாதிரியே செய்துவிட்டோம். வெடிப்புக்கு மண், பார்வதி அக்கா போர்வெல்லிலிருந்து தண்ணீர், மேலே சமப்படுத்தப் பரம்புப் பலகை இழுப்பு, காய்ந்ததும் சாணிக் கரைசல். பத்து அம்மாக்கள், பத்துப் பெண்கள். பாதிச் சாணி ஒருத்தர் மேல் ஒருத்தர்.

மிஸ்: "அக்கா, நான் எவ்ளவோ கிரவுண்டுல ஆடியிருக்கேன். சாணி மொழுகுன கிரவுண்டு இதான் மொதல் தடவ."

பந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. புல்லரித்துவிட்டது எனக்கு. வெட்கமாகவும் இருந்தது, ஒரு வயலைப் பார்த்து இப்படியா என்று.

சித்திரை 29, திங்கள்

சந்தோஷம் இரண்டு நாள்தான். இன்று மிஸ் குண்டு போட்டார்கள்.

கயல் கோல்கீப்பர். (இனி கோ.கீ., எழுதிக் கை வலிக்கிறது.) மற்றவர்களுக்கு ஒரு மட்டை, ஒரு ஷூ, முழங்காலுக்குக் கீழே ஒரு அட்டை. முடிந்தது. கோ.கீ.க்கு மட்டும் தலைக்கு ஹெல்மெட், நெஞ்சுக்கு, கைக்கு, காலுக்குத் தலையணை மாதிரி பேடு, பாதத்துக்குத் தனி. பள்ளிக்கூடத்தில் ஒன்று இருக்கிறது. அது லீவுக்குப் பூட்டிய அறைக்குள். புதிது பதினாறாயிரம்.

பதினாறாயிரத்தில் குறுவை நெல்லுக்கு உழவும் விதையும் போய்விடும்.

மிஸ் கண்டிப்பு. "கிட் இல்லாம நான் அவள கோல்ல நிக்க வைக்க மாட்டேங்க்கா. பல்லு போனா யாரு பதில் சொல்றது? போட்டியிலயும் விட மாட்டாங்க."

வேறு யாரும் கோ.கீ. ஆகத் தயாரில்லை. கயல் இல்லை என்றால் டீமே இல்லை.

ராத்திரி கயல் அப்பா மஸ்கட்டிலிருந்து பேசினார். "ஓவர்டைம் பாக்குறேன் மாலு, வாங்கிக் குடு." இவருக்கு என்ன, அங்கே உட்கார்ந்துகொண்டு வாங்கிக் குடு வாங்கிக் குடு. போன மாதம் ஓவர்டைம் பார்த்துத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

சித்திரை 30, செவ்வாய்

கயலிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். "ஃபார்வர்டு ஆடேன்டி. ஓடலாம், கோல் போடலாம், எல்லாரும் கை தட்டுவாங்க. ஒத்த மட்டையோட முடிஞ்சிடும்."

"எனக்குப் போடப் புடிக்கலம்மா. தடுக்கத்தான் புடிக்குது."

"நின்ன எடத்துலயே நிக்கிறதுக்குப் பதினாறாயிரமா? நானே நிப்பேன்."

"நின்னு பாரேன்."

ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். அவளும் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள், அதுதான் கோபமாக வந்தது.

வைகாசி 1, வியாழன்

நின்று பார்த்தேன்.

காலையில் ஆளில்லாத கோலில் பெண்கள் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். கயல் வரப்பில் உட்கார்ந்து பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோலில் போய் நின்றுவிட்டேன். மிஸ் "அக்கா வேணாங்க்கா" என்று கத்துவதற்குள் பார்வதி அக்கா மகள் நித்யா அடித்துவிட்டாள். பந்து வருவதே தெரியவில்லை. வந்தது தெரிந்தது, முழங்காலுக்குக் கீழே, எலும்பில்.

வரப்பில் உட்கார்ந்து அம்மா அம்மா என்று என் அம்மாவைக் கூப்பிட்டேன். நித்யா அழுகிறாள். கயலுக்கு முதலில் பயம், அப்புறம் சிரிப்பு. அடக்கப் பார்த்து முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது.

ஆனால் பந்து கோலுக்குள் போகவில்லை. எல்லோரும் கவனிக்கவும்.

வீக்கம் இப்போது எலுமிச்சம்பழம் அளவு. இதைத் தினமும் என் பெண் தடுக்கிறாளா? பேடு வாங்கியே ஆக வேண்டும்.

வைகாசி 4, ஞாயிறு

மேகம், மழை இல்லை. பால் சொசைட்டி வாசலில் பெற்றோர் கூட்டம். நான்தான் கூட்டினேன். கால் கட்டோடு போனேன், கொஞ்சம் கூடுதலாகவே நொண்டினேன்.

எல்லோரும் பங்கு போட்டு வாங்கலாம் என்றதும் சிங்காரம் மாமா எழுந்தார். வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் ஐந்து வேலி நிலம்... இல்லை, அவர் சொல்வது ஐந்து, இருப்பது இரண்டு. இருபது வருடமாக எனக்கும் அவருக்கும் தண்ணீர்ச் சண்டை. அவர் பேத்தியும் டீமில்.

"அவங்கவங்க புள்ளைக்கு அவங்கவங்க வாங்குறதுதான மொற? எம் பேத்தி மட்டைய நாந்தான வாங்குனேன்? உன்கிட்ட வந்தனா?"

நியாயமாகத்தான் பட்டது பலருக்கும். தலை ஆடியது. பார்வதி அக்கா கூடக் கீழே பார்த்தார்கள். அப்புறம் வார்த்தை தானாகவே வந்துவிட்டது.

"மாமா, வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஒரு ஆளு வர்றோம்ல?"

"ஆமா, வர்றோம்."

"உங்க வயலு தலைமடை. தண்ணி மொதல்ல உங்களுக்குத்தான். என் வயலுகிட்ட தூர்ந்து கெடந்தா உங்களுக்கு என்னங்க? எதுக்கு வந்து மண்வெட்டி புடிக்கிறீங்க?"

"அடியில அடச்சிக்கிட்டா மழைக்காலத்துல தண்ணி எதுத்துக்கிட்டு எம் வயல்லதான நிக்கும்?"

"அதேதான் மாமா. எம் பொண்ணு நிக்கிறது கடைமடை. உங்க புள்ளைங்க உட்ட பந்து அவகிட்டதான் வருது. கோல் உழுந்தா கயல்விழின்னா எழுதப் போறாங்க? ஊரு பேருலதான் எழுதுவாங்க."

பால் வண்டி வந்து நின்றது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இதையே தண்ணி சண்டையிலயும் இம்புட்டு நல்லா பேசியிருந்தீன்னா நான் மடைய அப்பவே தொறந்துருப்பேன். தலைமடைக்காரனுக்கு ரெண்டு பங்கு எழுதிக்க. ஆனா சாமான் சொசைட்டியிலதான் இருக்கணும். ஊரு சாமான்."

வீட்டுக்கு வரும்வரை நொண்ட மறந்துவிட்டேன். கயல் பார்த்துவிட்டாள்.

வைகாசி 9, வெள்ளி

பேடு பார்சல் வந்தது! பூதலூர் லாரி ஆபீசுக்கு மாமாவின் மகன் வண்டியில் போய் எடுத்து வந்தோம். பிரித்தால் ஒரே ரப்பர் வாசனை. பேடு நீலமும் மஞ்சளும். கயல் அதைக் கட்டிக்கொண்டு சொசைட்டியிலிருந்து மாரியம்மன் கோயில் வரை தத்தித் தத்தி நடந்தாள், பின்னால் பாதி ஊர்.

புது டிராக்டருக்குச் செய்யும் பூஜைதான். ஹெல்மெட்டில் சந்தனம், குங்குமம், கம்பியில் கட்டிய எலுமிச்சம்பழம். குருக்கள் தீபாராதனை காட்டிவிட்டுக் கேட்டார், "இத மாட்டிண்டு என்ன பண்ணுவா?" "சாமி, அடி வாங்குவா" என்றேன். "பேஷ்."

போட்டிக்கு இன்னும் ஒரு நாள்தான். கயல் இருட்டும்வரை வயலில். நித்யா அடித்த பந்து எல்லாம் பேடில் பட்டு டொப் டொப். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே மாவு அரைத்தேன். இவ்வளவு நிம்மதியாக மாவு அரைத்து நாளாயிற்று.

வைகாசி 11, ஞாயிறு

தஞ்சாவூர். நாலரைக்கே வேன். புளிசாதம் ஒரு தூக்கு, மோர் இரண்டு கேன், வெள்ளரிப்பிஞ்சு. வேனுக்குப் பங்கு, நுழைவுக் கட்டணத்துக்குப் பங்கு, பிஸ்கட்டுக்குக் கூடப் பங்கு. பழகிவிட்டது.

அங்கே போனால் திருவிழாக் கூட்டம். டவுன் அகாடமிக்குத் தனி டென்ட், ஐஸ்பெட்டி, ஒரே மாதிரிப் பை. நம் பெண்கள் உரச்சாக்கில் மட்டைகளைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், "மிஸ், திரும்பிப் போயிடலாமா?" மிஸ் சொன்னார்கள், "சாணி மொழுகுனவங்க நம்மதான். அவங்களுக்குத் தெரியுமா?"

முதல் ஆட்டத்துக்கு முன் நடுவர் கயலை நிறுத்திவிட்டார். ஹெல்மெட்டில் எலுமிச்சம்பழம் தொங்கினால் ஆட விட மாட்டாராம். சந்தனம் இருக்கலாமாம். பழத்தை அவிழ்த்து நான் கையில் வைத்துக்கொண்டேன்.

முதல் ஆட்டம் ஜெயம். இரண்டாவது சமம். அரையிறுதி அந்த அகாடமியோடு. அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள், கயல் தடுத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் அவர்கள் ஆள் ஒருத்தர், "யாருடா அந்த கீப்பர்?" எனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லிவிட்டேன். "எம் பொண்ணுங்க."

ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி. மாறி மாறி அடித்து நமக்கு நான்கு, அவர்களுக்கு மூன்று, அவர்களுடைய கடைசி அடி பாக்கி. இதைத் தடுத்தால் இறுதி ஆட்டம். நான் மஸ்கட்டில் இருக்கும் அவருக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பந்தின் முன் நின்றதும் எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. டொப்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் வயலில் கேட்ட சத்தம்.

யார் யாரைக் கட்டிக்கொண்டோம் என்று ஞாபகமில்லை. சிங்காரம் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார், நடுவர் விரட்டினார். போனுக்குள் அவர் கத்திக்கொண்டே இருந்தார், "மாலு, என்னாச்சு, வானம்தான் தெரியுது, என்னாச்சு சொல்லு!" எனக்கு அழுகைதான் வந்தது. கையெல்லாம் பிசுபிசு. பார்த்தால் எலுமிச்சம்பழம் சக்கையாகிக் கிடக்கிறது.

இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அதைப் பற்றி யாருக்கும் கவலை இருந்த மாதிரித் தெரியவில்லை. சிறந்த கோ.கீ. கயல். பரிசு எவர்சில்வர் தூக்குச்சட்டி. எனக்கு நன்றாகவே உபயோகப்படும்.

வேனில் ஏறும்போது அகாடமிக்காரர் வந்தார். "பாப்பா, அடுத்த மாசம் மதுரையில ஒரு போட்டி. எங்களுக்கு ஆடறியா? ஃபீஸ், வேன், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. கிட் மட்டும் கொண்டு வந்துடு."

கயல் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து மாமா.

"தம்பி, கிட்டு ஊரோடது. அது வரணும்னா பத்துப் புள்ளையும் கூட வரும். வேன் பெருசா இருக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

வைகாசி 12, திங்கள்

விடியற்காலை நல்ல தூறல். தொண்டை கட்டிவிட்டது, வெந்நீரில் உப்பு. வாய்க்கால் தூர்வாருவது அடுத்த வாரமாம், வீட்டுக்கு ஒரு ஆள். மாமா ஆள் அனுப்பிச் சொன்னார், முதல் தடவையாக மரியாதையாக.

ஊர்ச் சாமான் சொசைட்டிக்குப் போகும் முன் வெயிலில் காய வைக்கச் சொன்னார்கள். வெயில் இல்லை. வீட்டில்தான் கிடக்கிறது. கயல் காலையிலிருந்து ஒரே பிடி: பெனால்டி அடிக்கிறவர்கள் மனசு தெரிந்தால்தான் நன்றாகத் தடுக்க முடியுமாம், மிஸ் சொன்னார்களாம், அதனால் அவள் அடிக்க வேண்டுமாம், கோலில் ஓர் ஆள் வேண்டுமாம். பேடு என் காலுக்குச் சரியாக இருக்கிறது. கட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், முட்டி மடங்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் இன்னும் சந்தன வாசனை. வயலிலிருந்து கூப்பிடுகிறாள், "அம்மா, வர்றியா, பயமா இருக்கா?"

இதோ வந்து...