ஓடைக்கரைக்கு இறங்கிய கல்

சிக்கமாகா, ஜார்ஜியா
அக்டோபர் 1893

அன்புள்ள லவினியா,

உன் மூட்டுவலி குறைந்திருக்கிறதா? நான் சுகம்தான். இங்கே மழை விடவில்லை.

ஒரு சங்கதி. உள்நாட்டுப் போரில் நாங்கள் சண்டையிட்ட களத்தில் எங்கள் படைப்பிரிவின் நினைவுக்கல்லை நேற்று நட்டோம். எங்கே நின்று சண்டையிட்டோம் என்று பொறியாளர் கேட்டார். வழக்கம்போல் மேட்டைக் காட்டினேன். குழி தோண்ட வந்த டாலிவர் சிரித்துவிட்டான். அன்று எங்களை எதிர்த்துச் சுட்ட உள்ளூர்க்காரன் அவன்.

"மேட்டுல எங்க நின்னீங்க? எங்களப் பாத்ததும் ஓடையத் தாண்டி ஓடினீங்களே! அடிபட்ட செம்பட்டைத் தலைக்காரன் ஒருத்தனைக் கரையிலயே போட்டுட்டுப் போயிட்டீங்க. நான்தான் தண்ணி குடுத்தேன். ரெண்டு நாள் உசுரோட கிடந்தான். 'அக்கா வீட்டுக்காரரு வருவாரு'ன்னே சொல்லிட்டிருந்தான்."

லவினியா, அது உன் தம்பி ஆரின். குண்டு பட்டதுமே போய்விட்டான் என்று முப்பது வருஷமாக உன்னிடம் சொல்லி வந்தேன். பொய். அவன் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

"அவர் சொல்றதுதான் சரி. கல்லைக் கீழ இறக்குங்க" என்றேன்.

"உங்க ஆளுங்களே உங்களச் சும்மா விடமாட்டாங்க" என்றார் பொறியாளர்.

கல் இப்போது ஆரின் கிடந்த இடத்தில் நிற்கிறது.

குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. மனம் வராவிட்டால் வேண்டாம். நான் வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் ஒரு வரி எழுது. தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

லூதர்