ராமாயி அக்கா கேட்ட பிடித்தம்

2001 மார்ச், வெள்ளி. ஹட்டன்.

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. ராமாயி அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தபின் டிக்கோயாவில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். கடனுக்காக வங்கி அதை ஏலம் போட்டது. கடன் போக மிஞ்சிய பணம் அவருக்குத்தான் சேரும் என்று அக்காவை நம்பவைக்க, அவருடைய சட்டத்தரணியிடம் எழுத்து வேலை பார்க்கும் லிகிதரான நான் மாதக்கணக்கில் அலைந்தேன்.

இன்று வங்கியில் காசாளர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அக்கா வாங்கவில்லை.

"எவ்வளவுங்கய்யா புடிச்சிருக்கீங்க?"

காசாளர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஒண்டும் பிடிக்கேல்லை அம்மா."

"அதெப்படிங்க? ஆயுசுல ஒரு சம்பளமும் நான் முழுசா வாங்குனதில்ல. நல்லாப் பாருங்க. அப்புறம் லயத்து வீட்டுக்கு வந்து கேப்பீங்க."

பணக்கட்டைத் திருப்பித் தள்ளிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் முகாமையாளரே எழுந்து வந்து சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னபிறகுதான் பணம் முந்தானைக்குள் போனது.

வெளியே வந்ததும் ஒரு நோட்டை உருவி என் சட்டைப்பையில் திணித்தார்.

"நீங்களாச்சும் புடிச்சுக்குங்க தம்பி. அப்பதான் இது என் காசு மாதிரி இருக்கும்."

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்காவின் காசில் ஒரு பிளேன்டீ மட்டும் பிடித்துக்கொண்டேன்.