கதவருகே ஒட்டிய வேலைப் பட்டியல்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்றுதான் வழக்கம்போலத் தொடங்கினேன், பிறகு அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறேன். அறுவை செய்த கண்ணில் அப்பாவுக்கு இன்னும் சிவப்பு இருக்கிறது, எனக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் முனகுகிறது, உன் அண்ணன் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறான், அவன் நலத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் நாங்கள் நலமாக இருப்பது இவ்வளவுதான். நீ அங்கே உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும், வாய் கிழிந்த அந்த ஷூவை இதற்குள் தூக்கி எறிந்திருக்க வேண்டும். நீ கோபித்துக்கொண்டு போனை வைத்துப் பத்து நாள் ஆகிறது, நானும் பதிலுக்கு முறுக்கிக்கொண்டுதான் இருந்தேன், அதற்குக் கடைசியில் வருகிறேன், முதலில் என் வகுப்பில் நடந்ததைக் கேள்.

போன மாதம் என் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டார்கள். சண்டை நடக்கும் ஊரிலிருந்து சித்தியோடு தப்பி வந்தவள், இரண்டு வருஷம் அகதி முகாமில் கூடாரத்தில் இருந்திருக்கிறாள். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, அவள் மொழியோ எங்கள் பள்ளியில் ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைகள் அன்றைக்கே அவளுக்குப் ‘புதுசு’ என்று பெயர் வைத்தாயிற்று. இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியவள் ஆயிற்றே, எனக்கு இது ஒரு பெரிய காரியமா என்று இறங்கினேன். மேஜை, ஜன்னல், அலமாரி என்று கண்ணில் பட்டதிலெல்லாம் படம் போட்டுப் பெயர் எழுதி அட்டை ஒட்டினேன், பக்கத்தில் வாயாடியை உட்கார வைத்தேன். மூச்சு விடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசுகிறவள் அவள், கொஞ்சமாவது ஒட்டிக்கொள்ளாதா என்ற நப்பாசை. ஒன்றும் நடக்கவில்லை. புதுசு நாள் முழுக்கப் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருப்பாள், ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பென்சில், ரப்பர் எல்லாவற்றையும் உள்ளே போட்டு ஜிப்பை மூடிவிடுவாள். எல்லாரையும் போலக் கொக்கியில் மாட்டு என்று சைகை காட்டினால் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். மாதக் கடைசி வரை பார்ப்போம், சரிப்படாவிட்டால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்தும் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்றார் தலைமையாசிரியை. அது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுபடியும் ஒரு இடத்திலிருந்து கிளப்பினால் அந்தக் குழந்தை தாங்குமா சொல்.

என் வகுப்பின் வேலைப் பட்டியல் உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதற்கு நீதான் பூ வரைந்து தருவாய். போர்டு துடைக்க, செடிக்குத் தண்ணீர் விட, வருகைப் பதிவேட்டை ஆபீஸில் கொடுக்க என்று திங்கள்தோறும் பெயர் மாற்றிக் கதவருகே ஒட்டுவேன். ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் செய்யக் கூடாது, மறந்தால் செடி வாடட்டும், அதுதான் சட்டம். போன வியாழக்கிழமை வாயாடி என் மேஜைக்கு வந்து, மிஸ், புதுசு தினமும் காலையில வந்ததும் அந்தப் பட்டியலைத்தான் மேலிருந்து கீழ விரல் வச்சுப் பாக்குறா, அப்புறம்தான் வந்து உக்காருறா, அவ பேரு ஏன் மிஸ் இல்ல என்றாள். நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். பட்ட பாடு போதாதா, இந்தப் பிஞ்சையும் வேலை வாங்க வேண்டுமா என்று எனக்குள்ளேயே பெருமைப்பட்டுக்கொண்ட காரியம் அது. சாயங்காலம் கூட்டிப்போக வந்த சித்தியைப் பிடித்தேன். லாண்டரியில் வேலை பார்க்கிறாள், பாதி ஆங்கிலம், பாதி கையசைப்பு. முகாமில் தினமும் விடிந்ததும் வாசலில் பட்டியல் ஒட்டுவார்களாம், பெயர் இருந்தால் அங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் மூட்டையோடு வண்டியில் ஏற வேண்டுமாம். புதுசு வீட்டிலும் கேட்டிருக்கிறாள், ஏன் இன்னும் வண்டி வரவில்லை என்று. நான் இரக்கம் என்று நினைத்துச் செய்தது அந்தக் குழந்தையை இத்தனை நாளாகப் பயத்தில் உட்கார வைத்திருக்கிறது. அப்படியே குன்றிப்போனேன்டீ.

திங்கட்கிழமை பட்டியலில் பதிவேட்டு வேலைக்கு அவள் பெயரை எழுதினேன், சித்தி எழுதிக் காட்டியபடி அவர்கள் மொழி எழுத்திலும் ஒரு தரம். அந்த வேலைக்கு ஒரு மாதமாகக் காத்திருந்தவள் வாயாடி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் ஆபீஸ் வரை கூடப் போய் வழி காட்டினாள். புதுசு விரலால் பெயரைத் தொட்டாள், இன்னொரு தரம் தொட்டாள். பதிவேட்டைக் கொடுத்துவிட்டு வந்தவள் நேராகப் போய்ப் பையைக் கொக்கியில் மாட்டினாள். நான் சாக்பீஸ் தேடுகிற மாதிரி மேஜைக்கடியில் குனிந்துகொண்டேன், அழுதுவிட்டேன், வேறென்ன. பேச்சு இன்னும் வரவில்லை, குட்மார்னிங் மட்டும் வாயாடி உபயம், அதைச் சாயங்காலமும் சொல்கிறாள். தலைமையாசிரியையிடம் சொன்னேன், என் தப்பு இது, வருஷக் கடைசி வரை விடுங்கள் என்று. சரி என்றார்.

இப்போது உன் விஷயம். அப்பாவின் கண் ஆபரேஷனை முடிந்த பிறகு சொன்னதற்கு, நான் என்ன மூணாம் மனுஷியா என்று கேட்டாயே, தூரத்தில் இருக்கிறவளை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்றேன். தப்புதான். அங்கே தனியாக இருந்துகொண்டு, இந்த வீட்டில் நம் பெயர் இருக்கிறதா என்று நீயும் தடவித் தடவிப் பார்த்திருப்பாய். சமையலறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறேன். பால் வாங்குவது அண்ணன், பயந்து சாகாதே, நேற்று நிஜமாகவே வாங்கினான். அப்பாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது நான். முதல் பெயர் உன்னுடையது, அப்பாவின் சொட்டு மருந்து. நான் சொன்னால் போட்டாச்சு போட்டாச்சு என்று ஏமாற்றுகிறார், உன்னிடம் அந்தப் பாச்சா பலிக்காது. எங்கள் மணிக்குச் சாயங்காலம் ஆறு, தினமும் நீ போன் செய்து, அவர் போட்டு முடிக்கிற வரை வைக்கக் கூடாது.

நோய்நொடி இல்லாமல், நாலு பேர் சூழ, சிரித்த முகமாக நீ இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் உண்டு. ஆறு மணியை மறந்துவிடாதே, சட்டம் தெரியுமல்லவா, உன் வேலையை இங்கே வேறு யாரும் செய்ய மாட்டோம்.

உன் வரவையும் உன் போனையும் எதிர்பார்க்கும்
அம்மா